எட்டுக் கைப் பறவைக்கு ஒரு மூளை

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலோடு கலக்கும் நம் தாமிரபரணியை நாம் எல்லாரும் பெரும்பாலும் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருக்கிறோம். கொக்கிரகுளத்தில் சுலோசன முதலியார் பாலத்தின் மேல் பேருந்து நெரிசலில் நின்றுவிட்டால் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்போம். படித்துறையும், துணி வெளுப்பவர்களும், கொக்குகளும் தெரியும். ஆனால் ஆற்றின் வளைவு தெரியாது. வாய்க்கால்கள் பிரிந்து வயல்களுக்குள் ஓடும் அழகு தெரியாது. அதற்குப் பருந்தின் கண் வேண்டும். அந்தக் கண்ணை மனிதன் செய்துகொண்டதுதான் காமிரா சுமந்து பறக்கும் ட்ரோன் என்னும் ஆளில்லா விமானம்.

இந்த ஆண்டு பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டோம். ட்ரோன் எப்படிப் பறக்கிறது என்று படம் வரைந்து ஒட்டினால் போதும் என்றுதான் முதலில் எண்ணினோம். எங்களுள் ஒருத்தியின் அண்ணன் பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவரிடம் விவரம் கேட்கப் போன இடத்தில்தான், நாங்கள் எழுதவேண்டிய பாடம் வேறு என்று தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், இப்போதுள்ள ட்ரோன் விதிகள் வருவதற்கு முன்பு, அவர் எட்டு மோட்டார்கள் கொண்ட பெரிய ட்ரோன் ஒன்றை வாங்கினார். கலியாண வீட்டில் பறக்கும் சின்னஞ்சிறு ட்ரோன் அன்று. சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் கனமான காமிராவையும் லென்சையும் தூக்கக்கூடியது. எல்லாம் சேர்ந்து 14 கிலோ. அம்மாவின் வளையல்களை அடகு வைத்து வாங்கியது. மாசி மாதத்தில், பிசான அறுவடையின்போது, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வயலின் மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் அது பறந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் கையில் இருந்த கருவியை எப்படித் திருகியும் கேட்கவில்லை. தாளடி வயலில் விழுந்து நொறுங்கியது. அந்த வயலில் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் பத்து நிமிடத்துக்கு முன்புதான் கஞ்சி குடிக்க வரப்பு மரத்தடிக்குப் போயிருந்தார்கள்.

இதை அவர் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா காப்பி கொண்டுவந்தார். "காமிரா போனாப் போகுது. அந்தப் பிள்ளைங்க கஞ்சி குடிக்கப் போகாம இருந்திருந்தா? இப்ப இன்னொண்ணு செய்யப் போறேங்கான். எது விழாதுன்னு நீங்களாவது படிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். எங்கள் பாடம் அதுவாயிற்று.

முதலில் ஒரு சிறிய கணக்கு. காற்றின் தடையை விட்டுவிட்டால் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் என்ன? v² = 2gh என்பது நாம் அறிந்ததே. 2 × 9.8 × 60 = 1176. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 34. அதாவது வினாடிக்கு 34 மீட்டர், மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல். 14 கிலோ எடை நாற்கரச் சாலையில் விரையும் காரின் வேகத்தில் தலைக்கு மேலிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். காற்றுத் தடை இந்த வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். கீழே நிற்பவருக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை.

இனி அது பறக்கும் விதம். ஒவ்வொரு காற்றாடியும் காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று அதை மேலே தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. எட்டில் நான்கு வலமாகவும் நான்கு இடமாகவும் சுழலும். எல்லாம் ஒரே பக்கமாகச் சுழன்றால் உடல் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். 14 கிலோவை எட்டு மோட்டார்கள் பங்கிட்டால் ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் கிலோ. ஒவ்வொரு மோட்டாரும் அதைப்போல் இருமடங்காவது தூக்கும் வல்லமை உடையதாக இருக்க வேண்டும். காற்று வீசும்போதும், ஒரு மோட்டார் நின்றுபோகும்போதும் அந்த மிச்சமே உயிர் காக்கும். நான்கு மோட்டார் உள்ளதில் ஒன்று நின்றால் பொதுவாக அது கவிழ்ந்துவிடும். எட்டில் ஒன்று நின்றால், எதிரே உள்ளது தன் வேகத்தைத் தணித்து, மற்ற ஆறும் சுமையை ஏற்றால், பத்திரமாக இறங்கலாம். ஆனால் யார் தணிக்கச் சொல்வது? யார் ஏற்கச் சொல்வது?

இங்கேதான் மூளை வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. இதைப் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை என்று நாங்கள் எழுதினோம். அண்ணன் 'போர்டு' என்றுதான் சொல்கிறார். ட்ரோனை ஓட்டுபவர் உண்மையில் மோட்டார்களை ஓட்டுவதில்லை. 'முன்னே போ, மேலே ஏறு' என்று விருப்பத்தை மட்டும் சொல்கிறார். எந்த மோட்டார் எவ்வளவு வேகம் என்பதை அந்தப் பலகைதான் முடிவு செய்கிறது. அதுவும் சில வகைகளில் ஒரு வினாடிக்கு 400 தடவை. தலையில் தண்ணீர்க் குடத்துடன் வரப்பில் நடந்து வரும் அக்காவைப் பாருங்கள். குடம் இடப்பக்கம் சாயுமுன் கழுத்து வலப்பக்கம் போகிறது. அவர் அதை நினைத்துச் செய்வதில்லை. நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு செய்யும் வேலை அது. பலகைக்குள் அந்த வேலைக்குக் கைரோ என்னும் சுழல் உணர்வியும், முடுக்கமானியும் இருக்கின்றன. உயரத்தை அறியக் காற்றழுத்தமானி, திசையை அறியத் திசைகாட்டி, இடத்தை அறியச் செயற்கைக்கோள் வாங்கி.

உணர்விகள் பொய் சொன்னால்? இந்தக் கேள்வியை எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர்தான் கேட்டார்கள். விடையையும் அவர்களே ஒரு கதையாகச் சொன்னார்கள். வீட்டில் ஒரே கடிகாரம் இருந்தால் அது காட்டுவதே நேரம். இரண்டு இருந்து அவை வேறுபட்டால் எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால், இரண்டு ஒத்துப்போவதை நம்பி மூன்றாவதைத் தள்ளிவிடலாம். ஆகவே கனமான ட்ரோன்களுக்கு மூன்று தொகுதி உணர்விகள் உள்ள பலகைகளைத் தேடுகிறார்கள்.

ஆனால் மூன்று கடிகாரமும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்து, மூன்றிலும் ஒரே குறை இருந்தால் என்ன செய்வது? இது வெறும் கற்பனை அன்று. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்டு, ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. திசையும் சாய்வும் அறியும் கணிப்பொறிகள் அதில் இரண்டு இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று என்று. இரண்டிலும் இருந்தது ஒரே நிரல். ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் அடைக்க முயன்று முதலில் ஒன்று நின்றது. அதே தவற்றைச் செய்து மற்றொன்றும் நின்றது. நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும்போது ஜன்னல் அதிரும் என்று அந்தப் பக்கத்துத் தோழியர் சொல்வார்கள். எஞ்சின் எவ்வளவு நன்றாக எரிந்தாலும் உள்ளே ஓர் எண் பிசகினால் போதும் என்று அறிந்தபோது எங்களுக்குத் திகைப்பாக இருந்தது. ட்ரோன் பலகை செய்பவர்களில் சிலர் இதற்காகவே மூன்று உணர்விகளையும் ஒரே மாதிரி வைப்பதில்லை. இரண்டை மெத்தென்ற அடுக்கின் மேல் மிதக்கவிட்டு, ஒன்றை நேராகப் பெட்டியோடு பொருத்துகிறார்கள்.

அது ஏன் மிதக்க வேண்டும்? அதிர்வுதான் காரணம். காற்றாடியில் சிறு கோணல் இருந்தாலும் சட்டம் முழுவதும் நடுங்கும். முடுக்கமானிக்கு நடுக்கம் எது, உண்மையான அசைவு எது என்று பிரித்தறிவது கடினம். நடுக்கம் மிகுந்தால், 'நான் கீழே விழுகிறேன்' என்று பலகை தவறாக நினைத்து மோட்டார்களை முடுக்கி மேலே மேலே ஏறிவிடக்கூடும். பெரிய ட்ரோனின் காற்றாடிகள் நீளமானவை, மெதுவாகச் சுழல்பவை, அவற்றின் நடுக்கமும் மெதுவானது. சின்ன ட்ரோனுக்குப் போதுமான பஞ்சுத் துண்டு இதற்குப் போதாமல் போவதுண்டு. பலகை வாங்குவதில் பாதிதான் வேலை, அதை எங்கே எப்படி ஒட்டுவது என்பது மறுபாதி என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார்.

திசைகாட்டியின் கதை இன்னும் சுவையானது. 14 கிலோவைக் காற்றில் நிறுத்திவைக்க அவருடைய ட்ரோனுக்கு 22 வோல்ட்டில் ஏறத்தாழ 80 ஆம்பியர் வேண்டியிருக்கிறது. பெருக்கினால் 1760 வாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியைவிட அதிகம்! மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பதை 1820-இல் ஆயர்ஸ்டெட் கண்டறிந்தார். நாமும் ஆய்வகத்தில் காந்த ஊசி விலகுவதைப் பார்த்திருக்கிறோம். 80 ஆம்பியர் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தால் வடக்கு எங்கே இருக்கும்? மோட்டார் வேகம் கூடும்போதெல்லாம் வடக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே திசைகாட்டியைச் செயற்கைக்கோள் வாங்கியோடு சேர்த்து ஒரு குச்சியின் மேல் உயரத்தில் நிறுத்துகிறார்கள். நேர்மின் கம்பியையும் எதிர்மின் கம்பியையும் சடை பின்னுவதுபோல் முறுக்கிவிடுகிறார்கள். ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். கண்காட்சியில் ஒரு பேட்டரி, இரண்டு கம்பி, ஒரு காந்த ஊசி வைத்து நாங்கள் இதைச் செய்து காட்டினோம். முறுக்காத கம்பியில் ஊசி விலகியது. முறுக்கிய கம்பியில் ஏறக்குறைய அசையவே இல்லை. ஆறாம் வகுப்புத் தங்கைகள் மூன்று தடவை செய்துகாட்டச் சொன்னார்கள்.

இனி எந்தப் பலகையை வாங்குவது? பந்தய ட்ரோன்களுக்கென்று விற்கும் மலிவான பலகைகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அவை துள்ளும் ஆட்டுக்குட்டிக்கு ஏற்றவை. பாரவண்டி இழுக்கும் மாட்டுக்கு அல்ல. மீதி இரண்டு வகை. ஒன்று மூடிய பெட்டி. செய்த நிறுவனமே எல்லாவற்றையும் சரிப்படுத்தித் தந்துவிடும். மாட்டினால் பறக்கும். படம் எடுப்பவர் படத்தைக் கவனிக்கலாம். மற்றொன்று திறந்த வகை. 2008-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் மையர் என்னும் மாணவர் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்தது பிக்ஸ்ஹாக் என்னும் பலகை. அதன் வரைபடம் யாரும் பார்க்கக்கூடியது. பல நாட்டினர் செய்து விற்கிறார்கள். அதில் ஓடும் ஆர்டுபைலட் என்னும் நிரலையும் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதித் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் நாம் சரிபார்க்க வேண்டிய எண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றைப் பிசகாக வைத்தாலும் பொறுப்பு நம்முடையது. முதல் வாரம் முழுவதும் எங்கள் கட்சி மூடிய பெட்டிக் கட்சிதான். பயம் குறைவு என்று தோன்றியது.

கட்சி மாறியது ஒரு கேள்வியால். "அண்ணே, அன்றைக்கு அது ஏன் விழுந்தது?" என்று நாங்கள் கேட்டோம். "இன்றுவரை தெரியாது" என்றார். விழுந்த ட்ரோனின் பலகைக்குள் பறப்புப் பதிவு பத்திரமாக இருந்ததாம். ஆனால் அதைத் திறந்து படிக்கும் சாவி செய்தவர்களிடம் மட்டுமே இருந்தது. அனுப்பி வைத்தார், பதில் வரவில்லை. மோட்டார் நின்றதா, திசைகாட்டி ஏமாந்ததா, ஒரு திருகு கழன்றதா, அல்லது தானே ஏதாவது தவறு செய்தாரா? எதுவும் தெரியாமலேயே வளையலை மீட்க மூன்று ஆண்டுகள் கடன் கட்டினார். காரணம் தெரியாவிட்டால் அடுத்ததும் அப்படியே விழலாம் அல்லவா? திறந்த வகையில் ஒவ்வொரு பறப்புக்கும் பிறகு அந்தப் பதிவைக் கணிப்பொறியில் வரைபடமாகப் பார்க்கலாம். மூடிய பெட்டிகள் எல்லாமே கெட்டவை என்று நாங்கள் சொல்லவில்லை. பதிவைப் படிக்கத் தருகிறார்களா என்பதை வாங்குமுன் கேட்க வேண்டும் என்கிறோம்.

நம் தமிழ்நாட்டிலேயே இத்துறையில் வழிகாட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னை குரோம்பேட்டையில், டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் படித்த எம்.ஐ.டி.யில், அண்ணா பல்கலைக்கழகத்தினர் 'தக்ஷா' என்னும் ஆளில்லா விமானங்களை உருவாக்கினார்கள். 2012-இல் மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகளை வானிலிருந்து அளக்க அவர்களுடைய விமானம் பயன்பட்டது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில் தக்ஷா குழு இரண்டாம் இடம் பெற்றது. (நடிகர் அஜித் குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். இதைச் சேர்க்காவிட்டால் ஒன்பதாம் வகுப்புத் தோழியர் எங்களை மன்னிக்கமாட்டார்கள்.) ஓட்டுபவரின் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு விமானம் தானே பறந்து போய், இறங்கி, இரத்த மாதிரியைப் பெற்றுத் திரும்ப வேண்டும் என்பது போட்டி. குறித்த எல்லையைத் தாண்டினால் பறத்தலைத் தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடும் கட்டாயம். கெட்டுப்போகும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே அங்கும் முதலில் பார்க்கிறார்கள்.

அண்ணன் திறந்த வகையையே வாங்கினார். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டில் முழுதாகச் செய்த ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை உள்ளது. உதிரிப் பாகங்களுக்கு இல்லை. அவர் படித்த பொறியியல் கல்லூரியின் ஆசிரியர்களோடு சேர்ந்து, ஆராய்ச்சி முயற்சியாக, கல்லூரி வளாகத்துக்குள்ளேயே பறக்கவிட்டுச் சோதிப்பது என்று ஏற்பாடு. ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிஸ்டர் எங்களை அழைத்துப் போனார்கள். மைதானத்தின் ஓரத்தில் கயிறு கட்டி, அதற்கு வெளியே எங்களை நிறுத்தினார்கள். காமிராவுக்குப் பதிலாக அதே எடையில் மணல் பை.

இரண்டு ஆள் உயரத்தில் மூன்று நிமிடம் நின்றது. பார்க்க அழகாகவே பறந்தது, நாங்கள் கைதட்டினோம். பிறகு பதிவைத் திறந்தார்கள். ஆர்டுபைலட்டின் வழிகாட்டுதல்படி அதிர்வு 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் ஆபத்து. இங்கே 40-ஐத் தாண்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத நோய் காகிதத்தில் தெரிந்தது. எல்லாரும் காற்றாடிகளையே சோதித்துக்கொண்டிருந்தபோது, எங்களுள் குள்ளமானவள் குனிந்து பார்த்து, "அண்ணே, மணல் பைத் தட்டு ஆடுதே" என்றாள். தட்டின் ஒரு திருகு முடுக்கப்படவில்லை. முடுக்கிவிட்டு மறுபடி பறக்கவிட்டபோது 20-க்கு வந்தது. அந்தத் தோழி இப்போது எங்களை யாரையும் மதிப்பதில்லை.

பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். ட்ரோன் ஒரு முறை தோளைக் குலுக்குவதுபோல் குலுங்கிற்று, ஓர் அடி இறங்கிற்று, நின்றது. யாரும் கைதட்டவில்லை, மூச்சை விட்டோம்.

இன்னொன்றும் அன்று கண்டோம். ஓட்டுபவரின் ரேடியோத் தொடர்பு அறுந்தால் ட்ரோன் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும். தாழப் பறந்துகொண்டிருந்தால் முதலில் ஒரு குறித்த உயரத்துக்கு ஏறிவிட்டுத் திரும்பும். ஆர்டுபைலட்டில் யாரும் மாற்றாமல் இருந்தால் அந்த உயரம் 15 மீட்டர். எங்கோ சமவெளியில் இருப்பவர்களுக்கு அது போதும். நம் ஊரிலோ மைதானத்தைச் சுற்றிலும் பனை! பனை 30 மீட்டர் வரைகூட வளரும். அந்த எண்ணை அப்படியே விட்டால் திரும்பும் ட்ரோன் பனந்தலையில்தான் போய் உட்காரும். அண்ணன் மரங்களை அளந்து 45 என்று மாற்றினார்.

சட்டத்தையும் பார்த்தோம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 2 முதல் 25 கிலோ வரை உள்ளவை 'சிறிய' ட்ரோன்கள். 14 கிலோ சிறியதாம்! வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பறக்குமுன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். கூடங்குளம் பக்கம் எடுத்துப் போக நினைக்கவும் கூடாது. தொழிலுக்குப் பயன்படுத்த வகைச் சான்றிதழும் பதிவு எண்ணும் வேண்டும். ஓட்டுநர் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் தேவை. முதலாவதை நாங்கள் வரும் தேர்வில் பெற்றுவிடுவோம் என்று நம்புகிறோம். இரண்டாவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் திரும்பிப் போனோம். "எது விழாதுன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார். விழாதது என்று ஒன்று இல்லை என்பதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். ஒரு மோட்டார் நின்றாலும் தாங்கும், கெட்டால் ஏன் என்று சொல்லும், ஆனாலும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு மேலே பறக்கவிடக் கூடாது என்றார்கள். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. 2023 டிசம்பரில், நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனதையும், ஹெலிகாப்டரில் உணவு கொண்டுபோனதையும் நினைவூட்டி, "அந்த மாதிரி நேரத்துல சோத்துப் பொட்டலம் தூக்குமா இது?" என்று கேட்டார். "நாலு கிலோ தூக்கும்" என்றார் அண்ணன். "அப்போ சரி. வயக்காட்டுப் பக்கம் மட்டும் போகாத" என்றார் அம்மா.

வகைச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே ஆற்றின் மேல் ட்ரோன் பறக்கவில்லை. இந்த மலரில் தாமிரபரணியின் படம் பாலத்தின் மேல் நின்று எடுத்ததுதான். கல்லூரி மைதானத்தில் சனிக்கிழமைதோறும் சோதனை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அதிர்வு எண்ணை எங்கள் தோழி ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வருகிறாள். சென்ற வாரம் 18.